கட்டைத் துவக்கு

ஒஸ்லோவில் நான் பழகிய மனிதர்களில், குடை வாங்கும்போது அதன் நீளத்தை அளந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். விரித்தால் ஆள் முழுக்க நனையாமல் இருக்க வேண்டும், மடித்தால் சட்டைப்பைக்குள் போக வேண்டும். அப்படி ஒரு குடை உலகத்தில் கிடையாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "தேடாதவன் கதைக்கிற கதை அது" என்பார்.

நகரத்து ஓரம் ஹொல்ம்லியாவில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர். நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து வேலைக்காக வந்து குடியேறிய முதல் வாரம், வாங்கி வந்த சாப்பாட்டு மேசை கதவுக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது. எதிர்க்கதவு திறந்தது. ஆறடிக்குக் குறையாத ஓர் ஆள், கையில் அளவுநாடாவோடு வெளியே வந்தார். "மேசை பெரிசில்லைத் தம்பி, நீங்கள் பிடிச்ச பக்கம் பிழை" என்று சொல்லி, அதைப் படுக்கவைத்துத் திருப்பி உள்ளே கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். "எண்டாலும் இவ்வளவு நீளமாய் ஏன் வாங்கினனீங்கள்? கட்டையாய்க் கிடைச்சிருக்குமே" என்றார். நாங்கள் குட்டை என்பதை அவர்கள் கட்டை என்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருடைய வாழ்க்கை முழுக்க இந்தக் கட்டை விவகாரம்தான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீளம் குறையலாம், வேலை குறையக் கூடாது. அவர் வீட்டு மேசை சுவருக்குள் மடங்கும், இழுத்தால் எட்டுப் பேர் சாப்பிடலாம். மடிக்கிற சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அதன் மேல் அவர் உட்கார்ந்து வரும்போது முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து போகும். தமிழ்க் கடையில் முருங்கைக்காயைப் பையின் அளவுக்குத் துண்டு துண்டாக ஒடித்த பிறகுதான் தராசுக்குக் கொடுப்பார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கோயிலில் பஞ்சபுராணம் பாட அவரைக் கூப்பிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். தேவாரம் தொடங்கித் திருப்புராணம் வரை ஐந்தையும் ஓர் எழுத்து விடாமல் பாடுவார், ஆனால் மற்றவர்கள் எடுக்கும் நேரத்தில் பாதிதான் ஆகும். ஐயர் கற்பூரத்தைப் பற்றவைக்கு முன்னால் இவர் முடித்துவிட்டுக் கைகூப்பி நிற்பார். நான் ஒருமுறை, "என்னண்ணே, ரயிலைப் பிடிக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். "சொல்லு ஒண்டும் குறையேல்லைத் தானே? பிறகென்ன" என்றார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு துவக்கு தேவைப்பட்டது. துவக்கு என்றால் நம் ஊர்ப் பேச்சில் துப்பாக்கி.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டு அறையில் பனி, சம்பளம், கால்பந்து என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இவரும் பேசுவார். இலையுதிர்காலம் வந்தால் பேச்சு எல்க் பக்கம் போய்விடும். எல்க் என்பது குதிரையைவிட உயரமான ஒரு மான். இங்கே வருடா வருடம் அதை வேட்டையாடக் குழு குழுவாகக் காட்டுக்குப் போவார்கள். போனவர்களும் போகப்போகிறவர்களும் பேசப் பேச, இவர் ரொட்டிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு சும்மா இருப்பார். "வருசத்திலை ரெண்டு மாதம் நான் ஊமை, தம்பி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அது அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு வசந்தகாலத்தில் அவருடைய மேலாளர் ஆர்னே, தன் வேட்டைக் குழுவில் ஒரு கிழவருக்கு முழங்கால் போய்விட்டது, ஓர் இடம் காலி, நீ வருகிறாயா என்று கேட்டார். வேட்டை தொடங்கும் நாளுக்குள் பரீட்சை எழுதி, அனுமதி வாங்கி, துவக்கோடு வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் ஆர்னேயின் மருமகனுக்கு. அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். அந்த இடத்துக்கு அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "வீட்டுக்கு வாறவை ஒருத்தற்றை கண்ணிலையும் அது படக்கூடாது. கோயில் ஆக்கள் கண்டால் என்ன நினைப்பினம்?"

துவக்கை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். பெட்டியை வைக்க மறைவான இடம் என்று அந்த வீட்டில் இருந்தது ஸ்டோர் அறை மட்டும். அங்கே ஏற்கெனவே பிரீசர் உட்கார்ந்திருந்தது, உள்ளே மீனும் ஒடித்த முருங்கைக்காயும். பிரீசருக்கு மேலே, தட்டுக்குக் கீழே, ஒரு சந்து. அவர் அளந்தார். எல்க் வேட்டைக்கான துவக்குகள் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். சந்து அதற்கு எவ்வளவோ குறைவு. ஊரில் எல்லோரும் துவக்கு வாங்கிவிட்டு அதற்குப் பெட்டி வாங்குவார்கள். இவர் பிரீசருக்கு ஏற்ற பெட்டி, பெட்டிக்கு ஏற்ற துவக்கு என்று தலைகீழாகப் போனார்.

அப்படித் தேடித்தான் புல்பப் என்ற சாதியைக் கண்டுபிடித்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, தும்புத்தடியைத் தோளில் வைத்து விளக்கினார். தும்புத்தடி என்பது கூட்டுகிற துடைப்பம்.

"இஞ்சை பாரும். சாதாரணத் துவக்கிலை தோட்டா வெடிக்கிற இடம் விசைக்கு முன்னாலை. இதிலை விசைக்குப் பின்னாலை, தோளோடை. அதாலை குழல் முழு நீளம் கிடக்கு, துவக்கு மட்டும் கட்டை. முழு ஆள்தான் தம்பி, கதிரையிலை இருக்கிறார், அவ்வளவுதான்." கதிரை என்றால் நாற்காலி.

"அப்போ தோட்டாவும் சின்னதா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "முந்நூற்றெட்டு. எல்க்குக்கு அடிக்கிற முழுத் தோட்டா. சின்னத் தோட்டா எண்டால் எனக்கென்னத்துக்கு?"

கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். தாடியைப் பின்னியிருந்த இளைஞன் ஒருவன் விற்பனைக்கு நின்றான். எல்க்குக்காக இதை யாரும் கேட்டதில்லை என்றான். கனம் முழுக்கப் பின்னால் இருக்கும், சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும் என்றான். விசை ஓரிடத்திலும் அது இழுக்கிற சமாச்சாரம் இன்னோர் இடத்திலும் இருப்பதால், இழுத்தால் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும் என்றும் சொன்னான். அவர் என் பக்கம் திரும்பி, "எங்கடை சங்கத்திலை தலைவரும் செயலாளரும் மாதிரி" என்று தமிழில் சொன்னார். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகைக்குப் போலீஸ் லேசில் அனுமதி தராது. ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் இழுத்து ஏற்றுகிற புல்பப் அபூர்வம். மாதிரிக்கு ஒன்று கடையில் இருந்தது. வேறு சிறு தோட்டாவுக்கானது.

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, உடுப்பு மாற்றிப் பார்க்கும் அறைக்குள் அதோடு போய்த் திரையை இழுத்துக்கொண்டார். திரை அங்குமிங்கும் அசைந்தது. இளைஞன் என்னைப் பார்த்தான், நான் தொப்பிகளைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வேர்த்த முகத்தோடு வெளியே வந்து, "உள்ளே ஒரு சுற்று முழுதாகத் திரும்பினேன், சுவரில் எங்கேயும் முட்டவில்லை" என்று நார்வேஜிய மொழியில் அறிவித்தார்.

"நீங்கள் எல்க்கை லிஃப்டுக்குள் வைத்தா சுடப் போகிறீர்கள்?" என்று இளைஞன் கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான்.

"எங்கே வைத்துச் சுட்டாலும் இடிக்கக் கூடாது" என்றார் இவர்.

அந்த இளைஞன் வடக்கே யாரோ ஒருவரிடமிருந்து பழைய ஒன்றைத் தேடிப் பிடித்துத் தருவதற்குள் கோடை பாதி போய்விட்டது. நடுவில் போலீஸ் அலுவலகத்தில் ஒரு விசாரணை. முன்பு ஆயுதங்களோடு அனுபவம் உண்டா என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டாராம். "உண்டு, குழலின் முன்பக்கத்தால்" என்று இவர் சொன்னாராம். அதிகாரி சிரித்தாராம், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அனுமதி கிடைத்தது. அந்தத் துவக்கை வைத்தே சுடும் தேர்வையும் முடித்தார். வலது கன்னம் சிவந்து வீங்கி, பல் பிடுங்கிய ஆள் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

துவக்கைப் பார்த்த அக்கா சொன்னது ஒன்றுதான். "என்னப்பா இது, வளர முந்திப் பிடுங்கின மாதிரிக் கிடக்கு."

சந்துக்குள் பெட்டி சரியாகப் போய் உட்கார்ந்தது. அவர் இரண்டு மூன்று முறை அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அக்கா மீன் எடுக்க ஸ்டோர் அறைக்குள் தனியே போவதில்லை. பயம். என் மனைவியைத் துணைக்குக் கூப்பிடுவார். என் மனைவி விருதுநகர்க்காரி. ஒருநாள் மீனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் வழி சொன்னாள். "எங்க ஊர்ல அருவா, டிராக்டர், ஜேசிபின்னு எல்லாத்துக்கும் ஆயுத பூஜைல பொட்டு வைப்போம்க்கா. பொட்டு வெச்சிட்டா அப்புறம் பயம் இருக்காது."

அக்காவுக்கு இது பிடித்துப்போயிற்று. அவர்கள் வழக்கத்தில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்கள்தான் பெரும்பாலும் வைப்பார்கள். அவர்கள் மகள் சட்டம் படித்துக்கொண்டிருந்தாள், அவள் புத்தகங்கள் எப்படியும் பூசைக்கு வரும். கூடவே துவக்கும் வரட்டும் என்று முடிவானது. அவரும் மறுக்கவில்லை. தமிழ்க் கடையில் கொடுத்த, ஊரில் அச்சடித்த காலண்டரைப் பார்த்தார். வெள்ளி பூசை, சனி விஜயதசமி. வேட்டை தொடங்குவது சனிக்கிழமை. விடிய எழுந்து கற்பூரம் காட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டால் நேரம் சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே அக்கா தொடங்கிவிட்டார். சட்டப்படி துவக்கு பூட்டில்தான் இருக்க வேண்டும் என்று மகள் சொன்னதால், பெட்டிக்கே பூசை. பெட்டிக்கு மாலை, மூன்று குறி விபூதி. சாவித் துவாரத்தைச் சந்தனத்தால் அடைத்து அதன்மேல் குங்குமம். அந்த உற்சாகத்தில் கீழே போய்க் காருக்கும் பொட்டு வைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்தார். அதன் பிறகு எல்லோரும் கோயிலுக்குப் போனோம். அங்கே ஐயர் ஒலிவாங்கியில் அறிவித்தார். நேர வித்தியாசத்தால் நாளை சனிக்கிழமையும் நவமி, இங்கே விஜயதசமி ஞாயிறு காலை.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

வீடு திரும்பியதும் வாசலிலேயே வாதம் தொடங்கியது. "ஊர்க் கலண்டர்ப்படி நாளைக்கு எடுக்கலாம்தானே" என்றார் அவர்.

"நீங்கள் ஊரிலையே இருக்கிறியள்?" என்றார் அக்கா. "பூசைக்கு வைச்சதைத் தசமிக்கு முந்தி எடுக்கிறதே? பிள்ளைக்குச் சோதினை வருகுது. அவளின்ரை படிப்போடை விளையாடாதேங்கோ."

சோதினை என்றால் பரீட்சை. அந்தச் சொல்லோடு வாதம் முடிந்தது. ஓர் அரசாங்கமே வந்தாலும் அந்தச் சந்தனத்தை உடைத்திருக்க முடியாது. அவர் கழற்றிய காலணிகளைக் கதவோரம் ஒதுக்கிவைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, என்னைக் காட்டுக்குக் கொண்டுபோய் விடுவீரோ? காரும் பூசையிலை."

துவக்கு இல்லாமல் எதற்குப் போவது என்று கேட்டேன். வருகிறேன் என்று சொல்லியாயிற்று, போகாமல் இருந்தால் இடம் நாளைக்கே போய்விடும் என்றார். என் கார் மாத வாடகைக் கார். பொட்டு வைத்தால் கம்பெனிக்காரன் கேள்வி கேட்பான் என்று அதை விட்டுவைத்திருந்தோம்.

சனிக்கிழமை விடியற்காலை காட்டோரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறேழு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்னே பெரிய உடம்புக்காரர், தலையில் செம்மஞ்சள் தொப்பி. மருமகனும் வந்திருந்தான், புத்தம்புதுத் தொப்பி, நீளமான துவக்கு. இடம் காலியானால் உட்கார்ந்துகொள்ளத் தயாராக நின்றான்.

"உன் துவக்கு எங்கே?" என்றார் ஆர்னே.

"அது நாளைக் காலை வரைக்கும் ஒரு தெய்வத்திடம் இருக்கிறது" என்றார் இவர். நார்வேஜிய மொழியில் அது இன்னும் விசித்திரமாக ஒலித்தது.

ஆர்னே யோசித்தார். "எந்தத் தெய்வம்?"

"கல்விக்கான தெய்வம்."

ஆர்னே தலையை ஆட்டி, கோப்பையில் மிச்சமிருந்த காப்பியைப் புல்லில் ஊற்றினார். வேறொரு துவக்கை இரவல் கொடுக்கவும் வழியில்லை, தேர்வு பாஸான துவக்கால்தான் எல்க்கைச் சுடலாம். ஆனால் யார் எங்கே நிற்பது என்று முன்பே பிரித்தாயிற்று. ஒரு சதுப்பு நிலத்தின் ஓரம் இவருக்கு ஒதுக்கிய இடம். அங்கே போய் நில், ஏதாவது வந்தால் ரேடியோவில் சொல் என்றார்கள். நானும் ஒரு செம்மஞ்சள் தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். எனக்குக் குளிரில் பல் அடித்தது. அவர் அசையவில்லை.

நாய் எங்கோ குரைத்தது. ரேடியோவில் ஆர்னே, "உன் பக்கம்தான் வருகிறது, தயாராக இரு" என்றார். எதற்குத் தயாராக இருப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து எல்க் வெளியே வந்தது. அவ்வளவு பெரிய மிருகத்தை வேலி இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது. கலப்பைக் கொம்பு, தொங்குகிற தாடை, மூக்கிலிருந்து புகை. எங்களுக்கு எதிரே வந்து பக்கவாட்டில் நின்றது. அதைவிட வசதியாக ஒரு மிருகம் நின்று கொடுக்க முடியாது.

"சுடு" என்றது ரேடியோ. ஆர்னேயின் குரல் இல்லை. தூரத்தில் நின்ற வேறொருவர், முன்பே தன் இடத்துக்குப் போய்விட்டதால் காலையில் நடந்தது தெரியாதவர்.

இவர் ரேடியோவை வாயருகே கொண்டுபோய், "என்னிடம் துவக்கு இல்லை" என்று கிசுகிசுத்தார்.

"ஏன் இல்லை?"

பூசைக்கு வைத்த பொருளைத் தசமிக்கு முன் எடுக்கக் கூடாது என்பதை ஓர் எல்க்குக்கு முன்னால் நின்று, கிசுகிசுப்பாக, அயல்மொழியில் விளக்க வேண்டிய நிலைமை. இவர் விளக்கினார். தெய்வம், படிப்பு, மகளின் பரீட்சை, சாவித் துவாரத்துச் சந்தனம், இரண்டு காலண்டர்கள். ரேடியோ எல்லோருக்கும் பொது. முதலில் ஒருவர் இருமினார். பிறகு காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் அடக்க முடியாத சிரிப்பு, ரேடியோவிலும் நேரிலுமாகக் கேட்டது. எல்க் ஒரு காதை இந்தப் பக்கமும் மறு காதை அந்தப் பக்கமும் திருப்பிக் கேட்டது. இவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தது. பிறகு நிதானமாகச் சதுப்பைக் கடந்து போய்விட்டது. ஆர்னே நின்ற இடத்தைத் தாண்டித்தான் போனதாம். ஆர்னே அப்போது ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அன்றைக்கு முழுக்க வேறெதுவும் அகப்படவில்லை. புறப்படும்போது மருமகன், தான் அங்கே நின்றிருந்தால் இப்போது இறைச்சி வெட்டிக்கொண்டிருப்போம் என்றான். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னான். ஆர்னே நாயை வண்டியில் ஏற்றினார்.

காரில் அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து வந்தார். "இடம் போச்சுத் தம்பி" என்றார்.  எங்கள் பகுதிக்கு முந்தைய ஹவுகெட்டோ ரயில் நிலையத்தைத் தாண்டும்போதுதான் மறுபடி வாயைத் திறந்தார்.

"அது என்னைப் பாத்தது, கண்டனீரோ? ஊரிலை இருக்கேக்கை காட்டுக்குள்ளை போனதெல்லாம் ஓடுறதுக்குத்தான். இண்டைக்குத்தான் ஓடாமல் நிண்டனான். அதுவும் ஓடேல்லை."

 ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவருக்கு அந்த இடம் கிடைக்காமல் போனதற்காக, பொட்டு வைக்கும் யோசனையைச் சொன்ன என் மனைவி மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ஞாயிறு காலை, நாங்கள் விஜயதசமிக்கு அவர்கள் வீட்டில் இருந்தபோது அழைப்புமணி அடித்தது. சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகாத மனிதர்கள் இந்த நாட்டுக்காரர்கள். கதவைத் திறந்தால் ஆர்னே, பின்னால் குழுவில் இன்னும் இருவர், மூவரும் தலைவாரிச் சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள். பூசைக்குப் போன துவக்கைப் பார்க்கலாமா என்று ஆர்னே கேட்டார்.

ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்று இத்தனை நாள் காவல் காத்த அக்கா, சேலையைச் சரிசெய்துகொண்டு மூவரையும் ஸ்டோர் அறைக்குள் தானே கூட்டிப் போனார். அறையில் இடம் போதாமல் ஒருவர் பிரீசர்மேல் சாய்ந்து நின்றார். அக்கா கற்பூரம் காட்டினார். புகைக்கு அலாரம் கத்தத் தொடங்கியது. ஒருவர் துவாலையை எடுத்து அலாரத்துக்கு விசிற, ஆர்னே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அதைத் தண்ணீர் தொட்டுக் கரைத்துச் சாவியை நுழைத்துப் பெட்டியைத் திறந்தார் அவர்.

ஆர்னே எட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். இவர் தோட்டாவின் அளவைச் சொன்னதும், மூவரும் மரியாதையோடு தலையசைத்தார்கள்.

பிறகு ஆர்னே வெகு சாதாரணமாகச் சொன்னார். அடுத்த சனி ஆறு மணிக்கு வா, அந்த இடம் உனக்குத்தான். மருமகன் நின்றிருந்தால் எல்க்கைச் சுட்டிருப்பான், அது உண்மை. ஆனால் எல்க் இறைச்சி நாங்கள் எல்லோரும் சாப்பிட்டதுதான், மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு இதுதான் முதல் தடவை. மருமகனிடம் பேசிவிட்டேன்.

அவர் எல்லோரையும் கூடத்துக்குக் கூட்டி வந்தார். மேசையைச் சுவரிலிருந்து இழுத்தார்.  அக்கா வடையும் பாயசமும் கொண்டுவந்து வைத்தார். தூரத்தில் நின்றதால் ரேடியோவில் பாதிதான் கேட்டது, முதலிலிருந்து சொல் என்று மூவரில் ஒருவர் கேட்டார். இருபது வருடமாக எல்க் பேச்சில் ரொட்டிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். எங்கிருந்து தொடங்குவார் என்று நான் பார்த்தேன். பிரீசரின் உயரத்திலிருந்து தொடங்கினார்.

அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கடை வந்தது, தாடி பின்னிய இளைஞன் வந்தான், போலீஸ் அதிகாரி வந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் மாற்றினார். நடுவில் நிறுத்திப் பாயசம் குடித்தார். வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்தபோது ஒவ்வொரு பூவாகச் சொன்னார். நானும் அந்தக் காட்டில் அவருக்குப் பின்னால் நின்றவன்தான், ஆனாலும் அடுத்து என்ன என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆர்னே வடையைக் கையில் பிடித்தபடியே மறந்துபோயிருந்தார்.

சமையலறை வாசலில் நின்று அக்கா பொறுமை இழந்தார். "இஞ்சேருங்கோ, சோறு ஆறுது. கதை முடிஞ்சுதே?"

அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"பொறுமப்பா, இன்னும் எல்க் வரேல்லை."